‘போமட் அடிச்சும் நிக்குது!’ – வாசகர் கணினிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘கடையில் குடுத்து விண்டோஸ் புதுசாப் போட்ட, ரெண்டு நாள் நல்லா ஓடிச்சி, மறுகா அதே வேலதான்.’ விண்டோஸைக் குற்றம் சொல்லுமுன் கரண்ட், சூடு, தொடுப்பு ஆகிய மூன்றையும் விசாரிக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் உப்புக் காற்று செப்பையும் வெள்ளீயத்தையும் சும்மா விடாது. மென்பொருள் எப்போதும் சுத்தவாளி என்று சொல்லவில்லை. ஆனால் போமட் அடித்த (டிஸ்க்கை அழித்து விண்டோஸைத் திரும்பப் போட்ட) பிறகும் அதே பழுது வந்தால், அதே பழுதுக்கு இன்னொரு போமட் காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

கேள்வி: வேலை செய்துகொண்டிருக்கும்போது எந்த அறிவித்தலும் இல்லாமல் சட்டென்று அணைந்து, தானாகவே திரும்ப எழும்புகிறது. சில நாளில் நான்கு தரம், சில நாளில் ஒன்றுமே இல்லை. இரண்டு தரம் விண்டோஸ் போட்டாயிற்று. இப்போது மதர்போட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: பொறுங்கள். மதர்போட், அதாவது எல்லாப் பாகமும் வந்து பூட்டும் தாய்ப்பலகை, கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய சாமான். முதலில் கணினி ‘அணைகிறதா’, இல்லை விண்டோஸ் தானே ‘விழுந்து எழும்புகிறதா’ என்று பிரித்தறியுங்கள். நீலத் திரை (விண்டோஸ் விழும்போது காட்டும் பிழை அறிவித்தல்) வந்த மறுகணமே மறுதொடக்கம் செய்யும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நீலத் திரை கண்ணில் படாமலே போகலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்டப் அன்ட் ரிகவரி’ பகுதியின் செட்டிங்ஸுக்குள் போய், ‘ஒட்டோமட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த தரம் நீலத் திரை வந்து அப்படியே நின்றால் வழக்கு வேறு. அதற்கான பதில் கீழே கல்முனை வாசகிக்குச் சொல்லியிருக்கிறோம். எடுத்துவிட்ட பிறகும் படக்கென்று அணைந்து எழும்பினால், மின்சாரம் போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை ஊர்ஜிதப்படுத்த விண்டோஸின் பதிவேடான இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கணினி நின்ற நேரத்தில் ‘கேர்னல் பவர் 41’ என்று சிவப்பு அடையாளத்துடன் ஒரு பதிவு இருக்கும். கேர்னல் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ‘விண்டோஸ் கேர்னல் பழுது, போமட் அடிக்கணும்’ என்று சொல்பவர்கள் உண்டு. இந்தப் பதிவு சொல்வதெல்லாம் ‘போன தடவை ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது’ என்பது மட்டும்தான். சுவரில் பிளக்கைக் கழற்றினாலும் இதே 41 விழும். அதன் விபரத்தில் ‘பக்செக் கோட்’ பூச்சியமாக இருந்தால், விண்டோஸுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள்.

இனி வழியைச் சுவரிலிருந்து உள்ளே பிடித்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டு நின்றது என்றால் எது பிழை என்று தெரியாமலே போய்விடும். முதல் நாள் யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் கோட் இரண்டையும் விலக்கி, கணினியை நேரே சுவர் பிளக்கில் செருகி ஓட்டுங்கள். அடுத்து பவர் கோட். கணினிப் பக்கம் செருகும் மூன்று துளை முனை தளர்ந்து ஆடினால் மாற்றுங்கள். மேசை ஆடும்போது, காலில் வயர் தட்டுப்படும்போது அணைகிற கணினிகளில் இதுதான் காரணம். அதற்கடுத்து கேஸின் முன்பக்க ரீசெட் பொத்தான். உப்பும் தூசியும் ஏறி உள்ளே ஒட்டிக்கொண்ட பொத்தான் தானாகவே அமுங்கியது போல நடந்துகொள்ளும். மதர்போட்டில் அதற்கு வரும் இரண்டு கம்பி இணைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அணைந்தால் பவர் சப்ளைதான் முதல் சந்தேகம். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரை வாசியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை நம்பாமல் 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். இன்றைய புரொசெசரும் கிராஃபிக்ஸ் காட்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. 14 அம்பியர் என்று போட்டிருந்தால் 12 ஐ 14 ஆல் பெருக்க 168 வாட். அதுதான் உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது; 450 வெறும் அலங்காரம். தனிக் கிராஃபிக்ஸ் காட் பூட்டிய கணினிக்கு இது காணாது.

மல்ட்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டீசீ நிலையில் வைத்து, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, பாவிக்காத நான்கு பின் பிளக்கில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அளக்கலாம். 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். சிவப்பு 4.75 முதல் 5.25. இந்த எல்லைக்கு வெளியே போனால் பவர் சப்ளை பழுது, சந்தேகமில்லை. எல்லைக்குள் இருந்தால் மட்டும் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து எழும்பும் வோல்ட்டேஜை மீட்டர் காட்டாது. கடைசிச் சோதனை, தெரிந்தவர் ஒருவரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றைக் கடன் வாங்கி நான்கு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் வரையான டீசீயாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் தங்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் உள்ளே காத்திருக்கும்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் அரிசி ஆலை. ஆலை மோட்டார் தொடங்கும்போது லைட் மங்கும், யூபிஎஸ் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும், சில வேளை கணினி அணைந்துவிடும். யூபிஎஸ் இருக்கிறதே, பிறகேன் அணைகிறது? (சம்மாந்துறை வாசகர்)

பதில்: பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழமையான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கை இழுக்கும். அதே லைனில் இருக்கிற வீடுகளில் வோல்ட்டேஜ் இறங்கும். நீங்கள் கேட்கும் டிக் சத்தம் யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே. இறங்கிய வோல்ட்டேஜைத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறது. முடியாதபோது பற்றரிக்கு மாறுகிறது. மாறும் அந்தச் சில மில்லிசெக்கனைக் கணினியின் பவர் சப்ளை தன்னிடமுள்ள கையிருப்பில் சமாளிக்க வேண்டும். தரமானது 16 மில்லிசெக்கன் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். கப்பாசிட்டர் காய்ந்த பழையது, மலிவானது தாக்குப்பிடிக்காது. ஆகவே இரண்டில் ஒன்று: யூபிஎஸ் பற்றரி செத்திருக்கிறது, அல்லது பவர் சப்ளை நொந்திருக்கிறது.

பற்றரியைச் சோதிக்கக் கணினி வேண்டாம். யூபிஎஸ்ஸை ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் ஏறவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அதில் பூட்டி, சுவர்ப் பிளக்கை அணையுங்கள். 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி நல்ல நிலையில் இருந்தால் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பல்பு எரிய வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் கத்தத் தொடங்கினால் பற்றரி முடிந்தது. மீட்டரில் 12.7 காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். சுமை இல்லாதபோது செத்த பற்றரியும் நல்ல பிள்ளை மாதிரி 12.7 காட்டும். நம் ஊர்ச் சூட்டில் இந்த வகைப் பற்றரி இரண்டு, மூன்று வருடம் தந்தால் போதுமென்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது ஈயப் பற்றரிக்குரிய பொதுக் கணக்கு. ஆகவே யூபிஎஸ்ஸைச் சுவரோடு ஒட்டி, மேசைக்கடியில், வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள்.

மாற்றும்போது யூபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கையும் கழற்றி, சிவப்பு, கறுப்பு முனைகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். முனைகளை மாறிப் பூட்டினால் யூபிஎஸ் போய்விடும். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஈயத்தை வாவிக்கரையில் வீச வேண்டாம்.

இன்னொன்று, லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் பூட்டியிருந்தால் உடனே கழற்றி நேரே சுவரில் செருகுங்கள். அச்சடிக்கச் சூடேறும்போது அது பல நூறு வாட் இழுக்கும். 650 விஏ யூபிஎஸ் தாங்குவதே 360, 390 வாட் அளவுதான். அரிசி ஆலைப் பக்கம் என்பதால் உமித்தூசியையும் மறக்க வேண்டாம். உங்கள் கணினியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நீலத் திரை வருகிறது. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொரு நாள் ‘பேஜ் ஃபோல்ட்’, மற்றொரு நாள் ஐஆர்கியூஎல் என்று தொடங்கும் ஏதோ ஒன்று. எதைத் தேடுவது என்றே தெரியவில்லை. 4 ஜிபி ரேம் இருந்தது, போன மாதம் இன்னொரு 8 ஜிபி போட்டோம். (கல்முனை வாசகி)

பதில்: கடைசி வரியில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயருடன் நீலத் திரை வந்தால் சந்தேகம் ரேமில் விழ வேண்டும். ஒரே பெயரும் ஒரே டிரைவர் கோப்பும் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவர். (சீ டிரைவில் விண்டோஸுக்குள் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதை ‘புளூ ஸ்கிரீன் வியூ’ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எந்தக் கோப்பில் விழுந்தது என்று வரிசையாகக் காட்டும்.) ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்தால் அது புரொசெசர், அதன் மின்சாரம், சூடு ஆகியவற்றின் பக்கம்.

முதலில் தொடுப்பைச் சுத்தம் செய்யுங்கள். கரையோரத்தில் பாதி ரேம் பழுது இங்கேயே தீர்ந்துவிடும் என்று துணிந்து சொல்வோம். கணினியை மூடி, பவர் கோட்டைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்துச் செக்கன் அமர்த்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் போகட்டும். கேஸின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்கநிறப் பல்வரிசையை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில், மெதுவாக, இரண்டு பக்கமும் தேயுங்கள். மை அழிக்கும் கரகரப்பான அழிறப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சையே உரித்துவிடும். துகளைத் துடைத்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தோய்த்த பஞ்சால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மதர்போட்டில் உள்ள குழியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சிலும் ஈரம்தானே. திரும்பப் போடும்போது இரண்டு முனையும் ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் பிடித்த ரேம் ஓடும், ஆனால் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

பிறகு சோதனை. விண்டோஸோடு வரும் மெமரி சோதனை நல்லது என்று சொன்னால் அதை அவ்வளவாக நம்ப வேண்டாம். ‘மெம்டெஸ்ட்86’ ஐ யூஎஸ்பி பென் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். பல மணி நேரம் எடுக்கும் என்பதால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்த ரேமுக்கு மன்னிப்பில்லை. ‘ஒன்றுதானே’ என்று விட்டால் அந்த ஒன்று உங்கள் கணக்குக் கோப்பின் நடுவில் போய் விழும்.

பிழை வந்தால் இரண்டு ரேமையும் தனித்தனியாக, ஒரே குழியில் போட்டுச் சோதியுங்கள். பிழை ஒரு ரேமோடு கூடவே போனால் அந்த ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் அந்தக் குழியில் மட்டும் பிழை வந்தால் குழி, அல்லது புரொசெசர் சொக்கெட்டில் வளைந்த பின். நான்கு குழி உள்ள போட்டில் ஒற்றை ரேமைப் பெரும்பாலும் புரொசெசரிலிருந்து இரண்டாவது குழியில் போட வேண்டும். போட்டிலேயே சிறு எழுத்தில் எழுதியிருக்கும்.

இரண்டும் தனித்தனியே நல்லது, சேர்ந்தால் மட்டும் பிழை என்று வந்தால்? உங்கள் விஷயத்தில் எங்கள் ஊகம் இதுதான். வேறு வேறு கம்பனி, வேறு வேறு வேகம். பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போட்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பு திறந்திருந்தால் மூடுங்கள். அது ரேமை அந்த வகைக்குரிய பொதுத்தர வேகத்துக்கு மேலான வேகத்தில் ஓட்டுவது. மூடியும் சரிவராவிட்டால் 4 ஜிபியைக் கழற்றி வைத்துவிட்டு 8 ஜிபியில் தனியே ஓட்டுங்கள். விழுந்து விழுந்து ஓடும் 12 ஜிபியை விட விழாமல் ஓடும் 8 ஜிபி மேல்.

கேள்வி: கேஸின் இரும்பில் கை பட்டால் ‘சுர்’ என்கிறது. செருப்புப் போட்டால் இல்லை. ஆபத்தா? (ஓட்டமாவடி வாசகர்)

பதில்: உங்கள் பிளக்கில் ஏர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் இரண்டு சிறு வடிகட்டிக் கப்பாசிட்டர்களின் நடுப்பகுதி கேஸோடு இணைந்திருக்கிறது. ஏர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 இல் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், கேஸில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. அந்தச் ‘சுர்’ மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் பவர் சப்ளை உள்ளே உடைந்து 230 வோல்ட் நேராகக் கேஸுக்கு வந்தால் அதைத் தடுக்க ஏர்த்தும் இல்லை, ட்ரிப் சுவிட்ச் விழுவதற்கு வழியும் இல்லை. ஆபத்து அதில்தான்.

பெரும்பாலும் குற்றவாளி இரண்டு கால் எக்ஸ்டென்ஷன் கோட், அல்லது மூன்று காலை இரண்டு காலாக்கும் குட்டிப் பிளக். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கை நேரே சுவரில் செருகுங்கள். அப்போதும் சுர் என்றால் வயரிங் வேலை தெரிந்தவரை அழைத்து வீட்டு ஏர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் தரையில் கோடைக்கு மண் காய்ந்தால் ஏர்த் வலுவிழக்கும். ஏர்த்தைத் தண்ணீர்க் குழாயிலோ நியூட்ரலிலோ கட்டச் சொல்பவரை வீட்டுக்குள் விட வேண்டாம். ஏர்த் சரியாகும் வரை மொனிட்டர் கேபிள், பிரின்டர் கேபிள் எதையும் கரண்ட் இருக்கும்போது செருகாதீர்கள். அந்த 115 வோல்ட் கேபிள் முனையால் பாய்ந்து போர்ட்டை எரித்துவிடும்.

கேள்வி: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்குப் பிறகு படம் எடிட் பண்ணும்போது அணைந்துவிடுகிறது. உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது. (வாழைச்சேனை வாசகர்)

பதில்: உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணையும், அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஓடும் என்றால் வேறு விசாரணை தேவையில்லை. சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே 33, 34 பாகையில் கொதிக்கும்போது அந்தக் காற்றைத்தான் கணினி உள்ளே இழுத்துக் குளிர வேண்டும். ‘எச்டபிள்யூ மொனிட்டர்’ போன்ற, புரொசெசரின் சூட்டைக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 45 முதல் 55, கடும் வேலையில் 80, 85 வரை என்றால் நம் ஊருக்குப் பயமில்லை. 95 ஐத் தொட்டால் புரொசெசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், முடியாவிட்டால் தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும்.

திறந்து பாருங்கள். குளிராக்கியின் அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளி மாதிரி அப்பியிருக்கும். மாரி ஈரத்தில் அது சேறாகி, கோடையில் காய்ந்து இறுகிவிடும். ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கித் தட்டுங்கள், புளோவர் இருந்தால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கண்டபடி சுழன்றால் அதன் பெயரிங் கெடும். மோட்டார் சைக்கிள் சேவிஸ் கடையில் கொண்டுபோய்க் கொம்பிரஸரால் அடிப்பது இங்கே வழக்கம். அந்தக் குழாயில் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும் என்பதைச் சேவிஸ் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள்.

தூசி போயும் சூடு குறையாவிட்டால் புரொசெசருக்கும் குளிராக்கிக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும். இன்டெல் குளிராக்கியில் நான்கு பிளாஸ்டிக் கால்கள். அவற்றில் ஒன்று மேலே எழும்பி நின்றாலே வெப்பம் இருபது பாகை ஏறப் போதும்; முதலில் அதைப் பாருங்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் கால் கழலும். பழைய பேஸ்ட்டை அல்கஹோலில் துடைத்து, புதிதை இரண்டு பயறு மணி சேர்ந்த அளவு நடுவில் வையுங்கள். அப்பம் மாதிரிப் பூசி நிரப்ப வேண்டாம். நான்கு கால்களையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அழுத்திப் பூட்டுங்கள். ஏஎம்டி ஏஎம்4 வகைப் புரொசெசரென்றால் கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பிறகு, குளிராக்கியை இடம் வலமாகத் திருகி எடுங்கள். நேரே இழுத்தால் புரொசெசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

கணினியைக் கதவு வைத்த மேசை அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் அந்தக் கதவு வீணாக்கிவிடும்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் கணினியில் திகதி பல வருடம் பின்னுக்குப் போகிறது. இணையத்தளங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்கின்றன. (திருக்கோவில் வாசகி)

பதில்: மதர்போட்டில் காசு மாதிரி இருக்கும் பற்றரி தீர்ந்துவிட்டது. திகதி பிழைத்ததால்தான் இணையத்தளங்களும் அப்படிச் சொல்கின்றன. பெயர் சிஆர்2032, மூன்று வோல்ட். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். கூட்டல் குறி மேலே பார்க்கப் போடுங்கள். மாற்றிய பின் விண்டோஸ் எழும்ப மறுத்து நீலத் திரை காட்டினால் பதற வேண்டாம். பழைய போட்களில் பற்றரி சாகும்போது பயோஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) அமைப்பு மாறிவிடும். பயோஸுக்குள் போய் அதை ஏஎச்சிஐ என்பதற்கு மாற்றினால் எழும்பும். அதற்குப் போய் விண்டோஸ் போடக் கொடுத்து அநியாயமாகக் கோப்புகளை இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: மவுஸ் அசைகிறது, எதையும் திறக்க முடியவில்லை. சிவப்பு லைட் அணையாமல் எரிகிறது. உள்ளே ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம். கடையில் ‘செக் டிஸ்க்’ ஓட்டச் சொன்னார்கள். (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் வாசிக்க வைப்பது, மூச்சு வாங்குபவரை ஓடச் சொல்வது மாதிரி. முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது. படங்கள், உறுதி, கணக்கு, பிள்ளைகளின் பாடக் கோப்புகள் என்று ஈடு செய்ய முடியாதவற்றை முதலில். கிளிக் சத்தம் தொடர்ந்து வந்தால் உடனே அணைத்துவிட்டு, யூஎஸ்பி சாட்டா கேபிள் ஒன்றால் வேறொரு கணினியில் பூட்டிப் பிரதியெடுங்கள். ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அப்போதும் டிஸ்க்கே தெரியவில்லை, கோப்போ கட்டாயம் வேண்டும் என்றால் அதற்குமேல் நீங்கள் தட்டக் கூடாது, தரவு மீட்பவர்களிடம் போக வேண்டியதுதான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுக்கும் வைத்தியம் நம் ஊர் ஈரக்காற்றில் டிஸ்க்குக்குள் தண்ணீரைத்தான் சேர்க்கும்.

பிரதியெடுத்த பின், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ மென்பொருளில் பாருங்கள். 05, சீ5, சீ6 என்ற வரிகளின் இறுதி எண் பூச்சியமாக இருக்க வேண்டும். சீ5 இல் எண் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் முடிந்தது. மாறாக சீ7 மட்டும் ஏறுகிறது, மற்றவை பூச்சியம் என்றால் நல்ல செய்தி: டிஸ்க்கில் பிழையில்லை, சாட்டா கேபிளில்தான். கேபிளை மாற்றுங்கள். அதன் எண் பிறகும் குறையாது. மேலே ஏறாமல் நின்றால் சரி.

புதிதாக வாங்குவதென்றால் விண்டோஸுக்கு எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத டிஸ்க்) போடுங்கள். அது சாகும்போது சத்தமே போடாது, ஒரு காலையில் எழும்பாது, அவ்வளவுதான். அதனால் பழைய டிஸ்க் இருந்த காலத்தை விடப் பிரதி எடுப்பது இப்போது அவசரமான காரியம்.

கேள்வி: கேஸுக்குள் எறும்பு குடியேறியிருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கலாமா? (பொத்துவில் வாசகர்)

பதில்: வேண்டாம். ஸ்பிரேயில் எண்ணெயும் எரியும் வாயுவும் இருக்கும். பிளக்கைக் கழற்றி, வெளியே முற்றத்தில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும் காட் துளைகளுக்குத் தகடு போடுங்கள். எறும்பு மட்டுமல்ல, பல்லியும் அந்த வழியால்தான் போகிறது. பவர் சப்ளைக்குள் பல்லி போய் இரண்டு முனைக்கும் நடுவே படுத்தால் பல்லியும் போகும், பவர் சப்ளையும் போகும்.

கேள்வி: இடி முழக்கத்துக்குப் பிறகு இணையம் மட்டும் வேலை செய்யவில்லை. கணினியை அணைத்துத்தான் வைத்திருந்தோம். (செங்கலடி வாசகி)

பதில்: அணைத்தால் போதாது, கழற்ற வேண்டும். மேகத்திலிருந்து தரைக்குப் பாய்ந்து வந்ததற்குச் சுவிட்சின் சில மில்லிமீற்றர் இடைவெளி ஒரு பொருட்டல்ல. மின்னல் பெரும்பாலும் ரவுட்டர் வழியாக நெட்வேர்க் கேபிளில் வந்து மதர்போட்டின் லான் போர்ட்டை மட்டும் எரிக்கும். மற்றதெல்லாம் சரியாக ஓடினால் போட் மாற்றாதீர்கள். யூஎஸ்பி லான் அடப்டர் ஒன்று போதும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் பவர் பிளக், நெட்வேர்க் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். கண்ணாடி இழை இணைப்பில் மின்னல் இழை வழியாக வராது. ஆனால் ரவுட்டருக்குக் கரண்ட் போகும் வழி திறந்துதானே இருக்கிறது.

கேள்வி: பதினைந்து வருடப் பழைய கணினி. போட்டில் புரொசெசருக்குப் பக்கத்தில் உருளையான நான்கு கப்பாசிட்டர்களின் தலை வீங்கி, ஒன்றில் பழுப்பு நிறம் கசிந்திருக்கிறது. மாற்றித் தரலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: தலை தட்டையாக இருக்க வேண்டும், வீங்கியது செத்தது. தொடக்கத்தில் இரண்டு மூன்று தடவை அமர்த்தினால்தான் எழும்பும், பிறகு நினைத்த நேரம் நிற்கும், கடைசியில் எழும்பவே எழும்பாது. மாற்றுவதென்றால் மைக்ரோஃபரட் அளவு அதேயாக, வோல்ட் அதேயாக அல்லது கூடியதாக, 105 பாகை என்று எழுதியதாக, மதர்போட்டுக்கென்றே வரும் குறைந்த உள்தடை வகையாக இருக்க வேண்டும். ரேடியோவுக்குப் போடும் சாதாரண வகையைப் போட்டால் சில மாதத்தில் அதுவும் வீங்கும். முனை மாறக் கூடாது. போட்டில் பல படை செப்பு இருப்பதால் சூட்டுக்கோல் வலுவானதாக இருக்க வேண்டும், இல்லையேல் துளையின் செப்பு வளையமே பிடுங்கிக்கொண்டு வரும்.

கைத்தொழில் தெரிந்தவர் குறைந்த கூலிக்குச் செய்தால் செய்யலாம். ஆனால் அந்தப் போட்டுக்குப் புதிய பவர் சப்ளை, புதிய ரேம் என்று மேலும் மேலும் காசு போட நாங்கள் சொல்ல மாட்டோம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை தொடங்கித்தான் முறைப்படி இடமுண்டு. அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினியை இரண்டாம் கையாக வாங்கும்போது அந்த எட்டு என்ற எண்ணைப் பாருங்கள். ஐ5 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் மயங்க வேண்டாம். ஐ5 க்குப் பிறகு வரும் இலக்கம் நான்கில் தொடங்கினால் அது நான்காம் தலைமுறை. வாங்குமுன் கடையிலேயே கேஸைத் திறக்கச் சொல்லி, உருளைகளின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். உங்கள் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கடைக்கே விட்டுவிடலாம்.